பேட்டரி போட்ட பேஸ் கிட்டாருக்குத்தான் சத்தம் அதிகமா?

வீட்டுக்குள்ளே விஞ்ஞானம்

சேலையூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் ப்ளஸ் டூ முடித்தவன். ஆலயத்தின் இளைஞர் பாடல் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். கிட்டார் அவனுடைய தாய்மாமாவுடையது. கல்யாண ரிசப்ஷன்களுக்குப் போகும் லைட் மியூசிக் ட்ரூப்பில் அவர் வாசித்த காலத்தில் வாங்கியது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “நீ வாசிச்சது கேக்கவே இல்லையேப்பா” என்கிறார்களாம். கடையில் விசாரித்தால், “இது பாசிவ். சவுண்டு கம்மியாத்தான் வரும். பேட்டரி போடுற ஆக்டிவ் வாங்கிக்கோங்க” என்று பதில். பழையதைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு இ.எம்.ஐ. போட்டுப் புதியது வாங்கலாமா என்று கேட்கிறார்.

கடிதத்தின் கடைசி வரிதான் மனதைத் தொட்டது. “தனக்கே வாசிக்க வரலையோன்னு நினைச்சு இப்ப பிராக்டீஸுக்கே போக மாட்டேங்கிறான்.”

அம்மா, இ.எம்.ஐ. ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். மாமாவின் கிட்டாரை விற்கவே வேண்டாம். கோளாறு கிட்டாரிலும் இல்லாமல், பையனின் விரலிலும் இல்லாமல், நடுவில் எங்கோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வாரப் பாடம். கிட்டாரே தொடாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தால் போதும், புரிந்துவிடும்.

பேஸ் எங்கே ஒலிக்கிறது?

முதலில் ஒரு சின்னச் சோதனை. போனில் ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ பாட்டைப் போடுங்கள். போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, இயர்போனில் ஒருமுறை. இரண்டாவது முறை கீழே ஏதோ ஒன்று நடந்துபோவது கேட்கும். பாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆனால் முன்னால் வந்து நிற்காமல், கூடவே நடக்கும் குரல் அது. அதுதான் பேஸ் கிட்டார். இளையராஜாவின் 1980-களின் பாடல்கள் பலவற்றில் அதை வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சென்னையின் கீத் பீட்டர்ஸ் பெயர் தெரிந்திருக்கும். பேஸ் வாசிக்கிறவர்களின் பெயர் நமக்கு அதிகம் தெரியாது. ஆனால் அவர்களை எடுத்துவிட்டால் பாட்டு தரையில்லாத வீடு மாதிரி ஆகிவிடும்.

பேஸின் நான்கு கம்பிகளில் மிகத் தடித்தது விநாடிக்கு சுமார் 41 முறை அதிரும். அடுத்தடுத்த கம்பிகள் 55, 73, 98 முறை. கட்டை விரல் நகமளவே இருக்கும் போன் ஸ்பீக்கரால் 41-ஐ எல்லாம் எழுப்பவே முடியாது. அதன் மேல் அடுக்குகளில் உள்ள மெல்லிய அதிர்வுகளை மட்டும் அது கொடுக்கும். மிச்சத்தை நம் மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே, வாசித்ததை போனில் பதிவு செய்து கேட்டுவிட்டு, “சத்தமே இல்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது போனின் குறை.

கம்பிக்குக் கீழே ஒரு காயில் கடை

கம்பி அதிர்வது சரி. அது எப்படி மின்சாரமாகிறது?

தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து பல்லாவரம் வரை எந்தத் தெருவில் நடந்தாலும் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டும் கடை ஒன்று கண்ணில் படும். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி வைத்திருப்பார்கள். பேஸ் கிட்டாரின் ‘பிக்கப்’ என்பதும் அதேபோன்ற ஒரு காயில்தான். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவுக்கு மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. கலையும் காந்தப்புலம் காயிலில் மின்னழுத்தத்தை உண்டாக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதி. ஃபேனில் மின்சாரம் அசைவாகிறது. பிக்கப்பில் அசைவு மின்சாரமாகிறது.

பிறக்கும் மின்சாரம் ரொம்பக் கொஞ்சம். சாதாரணமாக மீட்டினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. கட்டை விரலால் ஓங்கித் தட்டினால் ஒரு நொடிப்பொழுது ஒரு வோல்ட்டைத் தாண்டலாம்.

இந்த அளவைத் தீர்மானிப்பவை நான்கு. காயிலில் எத்தனை சுற்று, காந்தம் எவ்வளவு வலுவானது, கம்பி எவ்வளவு அருகில் இருக்கிறது, விரல் எவ்வளவு அழுத்தமாக மீட்டுகிறது. பேட்டரி என்ற சொல்லே இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால் சத்தம் கூடுமே என்று தோன்றும். கூடும். ஆனால் சுற்று கூடக் கூட, கூர்மையான மேல்சத்தம் மழுங்கும். ‘டங்’ என்று கேட்க வேண்டியது ‘டும்’ என்றாகிவிடும். பிக்கப் செய்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் பார்த்து நிறுத்துகிறார்கள்.

பேட்டரி எப்போது உள்ளே வந்தது?

லியோ ஃபெண்டர் அமெரிக்காவில் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற எலெக்ட்ரிக் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1951-ல். 1960-ல் ‘ஜாஸ் பேஸ்’. இரண்டிலும் பேட்டரி கிடையாது. காயிலில் பிறந்த மின்சாரம் வால்யூம், டோன் குமிழ்கள் வழியாக நேராக வெளியே போகும். இந்த வகைதான் பாசிவ். இதில் குமிழைத் திருப்பினால் குறைக்க மட்டுமே முடியும். இல்லாததைக் கூட்ட முடியாது.

அதே லியோ ஃபெண்டர் பின்னாளில் ‘மியூசிக் மேன்’ நிறுவனத்தில் இருந்தபோது, 1976-ல் ‘ஸ்டிங்ரே’ பேஸ் வந்தது. உள்ளே 9 வோல்ட் பேட்டரியும் ஒரு சின்ன ‘ப்ரீஆம்ப்’ சர்க்யூட்டும் இருந்தன. ஆழத்தையும் கூர்மையையும் கிட்டாரிலேயே கூட்டிக்கொள்ளலாம். பெரிய அளவில் விற்பனையான ஆரம்பகால ஆக்டிவ் பேஸ்களில் அது ஒன்று.

இங்கேதான் ஒரு குழப்பம். ஸ்டிங்ரேயின் பிக்கப் பாசிவ்தான். அதற்குப் பின்னால் இருக்கும் ப்ரீஆம்ப்தான் ஆக்டிவ். இன்று கடையில் ‘ஆக்டிவ் பேஸ்’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த ரகம்.

பிக்கப்பே ஆக்டிவாக இருப்பது இன்னொரு ரகம். அதில் பேர் போனது ‘இ.எம்.ஜி.’ நிறுவனம். இதில் காயிலில் சுற்றுகள் குறைவு. அதனால் காயிலில் பிறக்கும் மின்சாரமும் குறைவு. ஆம், ஆக்டிவ் பிக்கப்பின் காயில் பல நேரம் பாசிவைவிட பலவீனமானது! அந்தச் சின்னக் குரலை பிக்கப்பின் பெட்டிக்குள்ளேயே இருக்கும் சர்க்யூட் பெருக்கி வெளியே அனுப்புகிறது. எவ்வளவு பெருக்கலாம் என்பது வடிவமைப்பவரின் முடிவு. பாசிவ் அளவுக்கே நிறுத்தலாம், கூட்டியும் வைக்கலாம். ஆகவே “ஆக்டிவ் என்றால் சத்தம் அதிகம்” என்பது விதி அல்ல. நன்றாகச் சுற்றிய பாசிவ் பிக்கப் ஒன்று, அடக்கமாக வைத்த ஆக்டிவ் ஒன்றைச் சத்தத்தில் முந்துவது சாதாரணம்.

பிறகு எதற்கு பேட்டரி?

இப்போது மாடித் தொட்டிக்கு வருவோம்.

மேல்மாடி வீட்டில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் நன்றாக வரும். அதே நேரம் சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் ஷவர் நூலாகிவிடும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அதை வேகமாகத் தள்ளிக்கொடுக்கும் வலு இல்லை. பிரஷர் பம்ப் போட்டால், இரண்டு குழாய் திறந்தாலும் ஷவர் அசராது. பம்ப் புதிதாகத் தண்ணீரைப் படைத்துவிடவில்லை. எத்தனை பேர் இழுத்தாலும் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது.

பாசிவ் பேஸ் என்பது பம்ப் இல்லாத தொட்டி. ஆக்டிவ் என்பது பம்ப் வைத்த தொட்டி. ஆக்டிவின் உண்மையான பலம் சத்தத்தில் இல்லை, இந்த அசராத தன்மையில்தான் இருக்கிறது.

குழாயைத் திறந்து மின்சாரத்தை இழுப்பது யார்? இரண்டு பேர்.

முதலாவது, கேபிள். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்ற அளவில் மேல்சத்தத்தை அது விழுங்கும். வீட்டில் மூன்று மீட்டர் கேபிளில் இது தெரியாது. மேடையிலிருந்து கடைசி வரிசையில் இருக்கும் மிக்ஸர் வரை 15 மீட்டர் இழுத்தால் பாசிவ் பேஸின் கூர்மை கரைந்துவிடும். ஆக்டிவுக்கு அது பெரிய விஷயமில்லை.

இரண்டாவது, செருகும் இடம். பேஸ் ஆம்ப்பின் கிட்டார் ஜாக் சுமார் 10 லட்சம் ஓம் எதிர்ப்பு உள்ளது. அதாவது குழாயைச் சொட்டு அளவுக்கே திறக்கும். மிக்ஸரில் கீபோர்டுக்காக வைத்திருக்கும் ‘லைன் இன்’ ஜாக் பல மாடல்களில் சுமார் 10 ஆயிரம் ஓம்தான். குழாய் முழுசாகத் திறந்த மாதிரி. பிரிசிஷன் வகைப் பிக்கப்பின் எதிர்ப்பும் ஏறக்குறைய 10 ஆயிரம் ஓம்தான். இரண்டும் சமமாக இருந்தால் கணக்கு எளிது. ஆழமான ஸ்வரத்திலேயே பாதி மின்னழுத்தம் போய்விடும். மேல்சத்தத்தில் பிக்கப்பின் தடை இன்னும் ஏறுவதால், அங்கே இழப்பும் பல மடங்கு.

சேலையூர்த் தம்பி இதைத்தான் கவனிக்க வேண்டும். தென்சென்னைப் புறநகரில் பல ஆலயங்களிலும் மண்டபங்களிலும் பேஸுக்கென்று தனி ஆம்ப் இருக்காது. கீபோர்டு, மைக் எல்லாம் போகிற அதே மிக்ஸரில் பேஸையும் நேராகச் செருகிவிடுவார்கள். சத்தம் பாதியாகி, கூர்மையும் போய், எஞ்சியது ஒரு மங்கலான உறுமல். கீபோர்டின் இடது கை அதன் மேல் உட்கார்ந்துவிடும். அப்போது பேஸின் வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் உறுமல்தான் பெரிதாகும். எந்த ஸ்வரம் என்று கேட்காது.

அதற்கான மருந்து ‘டி.ஐ. பாக்ஸ்’ என்ற சின்ன டப்பா. கிட்டார் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். கிட்டாரின் கேபிளை இதில் செருகி, இதிலிருந்து மைக் கேபிள் மூலம் மிக்ஸரின் மைக் ஜாக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இதிலும் ஆக்டிவ், பாசிவ் என்று இரண்டு ரகம் உண்டு. நினைவில் வைக்க எளிய வழி: பாசிவ் கிட்டாருக்கு ஆக்டிவ் டி.ஐ., ஆக்டிவ் கிட்டாருக்கு பாசிவ் டி.ஐ. கல்யாணப் பொருத்தம் மாதிரி. ஆக்டிவ் டி.ஐ.க்கு வேண்டிய மின்சாரத்தை மிக்ஸரின் 48 வோல்ட் ‘ஃபேன்டம்’ பட்டனே கொடுத்துவிடும். மைக் செட் அண்ணனிடம் சொன்னால் போட்டுவிடுவார்.

காசு செலவில்லாமல் நான்கு சோதனை

டி.ஐ. வாங்குவதற்கும் முன்னால் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்று: ஆம்ப்பில் ‘ஆக்டிவ்’, ‘பாசிவ்’ என்று இரண்டு ஜாக் இருக்கிறதா? ஆக்டிவ் ஜாக் என்பது வரும் சத்தத்தை வேண்டுமென்றே குறைத்து வாங்கிக்கொள்ளும். சில ஆம்ப்புகளில் 15 டெசிபல் வரை, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக. பெயரைப் பார்த்து, “ஆக்டிவ்தானே நல்லது” என்று பாசிவ் கிட்டாரை அதில் செருகுகிறவர்கள் நிறைய. ஜாக்கை மாற்றிச் செருகினாலே பாதிக் கவலை தீரலாம்.

இரண்டு: பிக்கப்பின் உயரம். கம்பியைக் கடைசிக் கட்டையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளங்கள். இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை ஒரு நல்ல தொடக்கம். பழைய கிட்டார்களில் பிக்கப் கீழே அமுங்கிக் கிடக்கும். இரண்டு பக்க ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மேலே கொண்டுவாருங்கள். ரொம்பவும் நெருங்கக் கூடாது. காந்தம் கம்பியை இழுத்துப் பிடித்தால் சுருதி அலையும், ஓசை சீக்கிரம் அடங்கிவிடும்.

மூன்று: கம்பியின் வயது. கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து சென்னையில் கம்பியைச் சீக்கிரம் கருக்கடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே ஆயுள் கூடும்.

நான்கு: கேபிள். பிளக்கை லேசாக ஆட்டும்போது கரகரத்தால், குற்றவாளி பிக்கப் இல்லை.

இரண்டு கிட்டாரை எப்படி ஒப்பிடுவது?

நண்பரிடம் ஆக்டிவ் பேஸ் இருந்தால் கடன் வாங்கி நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆக்டிவ் பேஸின் பாஸ், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் ‘க்ளிக்’ என்று நிற்கும் இடத்தில் வையுங்கள். இது முக்கியம். பாஸ் குமிழை முழுசாக ஏற்றிவிட்டு, “பார், எவ்வளவு சத்தம்!” என்றால் அது ஒப்பீடு இல்லை, வியாபாரம்.

இரண்டையும் ஒரே கேபிளில், ஒரே ஜாக்கில் செருகுங்கள். ஒவ்வொரு கம்பியையும் கட்டை அழுத்தாமல் பத்துப் பத்து முறை, ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் மீட்டுங்கள். போன் மைக்கில் பதிய வேண்டாம். பல போன்கள் மெல்லிய சத்தத்தைத் தானாகவே ஏற்றி, பெரிய சத்தத்தை இறக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். கம்ப்யூட்டரில் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் கிட்டார் ஜாக்கில் செருகி, கெய்ன் குமிழைத் தொடாமல் இரண்டையும் பதியுங்கள். ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளில் அலையின் உயரம் கண்ணுக்கே தெரியும்.

ஓர் அலை இன்னொன்றைவிட இரண்டு மடங்கு உயரம் என்றால் வித்தியாசம் 6 டெசிபல். கேட்க ரொம்பப் பெரிதாகத் தோன்றும். ஆனால் காதுக்கு ‘இரட்டிப்புச் சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். 6 டெசிபல் என்பது ஆம்ப்பின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் கிடைத்துவிடுகிற வித்தியாசம். அதற்காக யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை.

அடுத்து இன்னொரு முக்கிய வேலை. இரண்டின் சத்தத்தையும் ஆம்ப்பில் சமமாக்கிவிட்டு, பிறகு நாதத்தைக் கேளுங்கள். நம் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதையே ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ளும். கடையில் ஏமாறும் இடம் இதுதான். சமமாக்கிக் கேட்டால் பலருக்கு எது பாசிவ், எது ஆக்டிவ் என்றே சொல்ல வராது.

“18 வோல்ட் சிஸ்டம், இரண்டு பேட்டரி, டபுள் பவர்” என்றும் சொல்வார்கள். இரண்டாவது பேட்டரி சத்தத்தை இரட்டிப்பாக்காது. ஓங்கித் தட்டும்போது தலை இடிக்காமல் இருக்கக் கூரையை உயர்த்துகிறது, அவ்வளவுதான். ஆள் அதே உயரம்.

கரண்டு பாடும் ஸ்வரம்

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. பேஸின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையில் வரும் ஸ்வரம் ‘ஜி’. அது விநாடிக்கு 49 முறை. ஆக, டியூப்லைட்டும் டிரான்ஸ்ஃபார்மரும் போடுகிற ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் பேஸின் ‘ஜி’ ஸ்வரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அதன் இரட்டிப்பான 100, மெல்லிய கம்பியின் 98-க்குப் பக்கத்தில். மின்சாரம் 60 முறை அலையும் அமெரிக்காவில் இந்த ரீங்காரம் வேறு இடத்தில் விழும். இங்கே அது நேராக பேஸின் மேலேயே வந்து விழுகிறது.

ஒற்றைக் காயில் பிக்கப் இதை ஆன்டெனா போல வாங்கிக்கொள்ளும். இதைத் தவிர்ப்பதில் நல்ல ஆக்டிவ் பிக்கப்புகள் கெட்டிக்காரர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பாசிவிலும் வழி உண்டு. பிரிசிஷன் வகையில் 1957 முதல் பிக்கப் இரண்டு துண்டாக வருகிறது. இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, ரீங்காரத்தை ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளும். ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு வால்யூம் குமிழையும் முழுதாக ஏற்றினால் அதே வேலை நடக்கும். ஒன்றைக் குறைத்தால் ரீங்காரம் எட்டிப் பார்க்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்பியைத் தொட்டால் ரீங்காரம் அடங்குகிறது, கையெடுத்தால் வருகிறது என்றால் அது பெரும்பாலும் இயல்பானது. ஆனால் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு படும்போது ‘சுரீர்’ என்றால், உடனே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அது எர்த் கோளாறு. ரீங்காரம் போக வேண்டும் என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரி பார்த்த பிறகுதான் வாசிப்பு.

அப்போது ஆக்டிவ் யாருக்கு?

ஆக்டிவ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாரம் ஒரு மேடை, ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு மைக் செட், நீளக் கேபிள் என்று அலைகிறவர்களுக்கு அது நல்ல துணை. கட்டை விரலால் தட்டி வாசிக்கும் ‘ஸ்லாப்’ பாணிக்கும், விநாடிக்கு 31 முறையே அதிரும் ஐந்தாவது கம்பி வைத்த பேஸுக்கும் பலர் ஆக்டிவையே விரும்புகிறார்கள். மேடையில் நின்றபடியே ஆழத்தையும் கூர்மையையும் மாற்றிக்கொள்ளும் வசதியும் பெரிது.

பாசிவின் பெருமை வேறு. செருகினால் வாசிக்கலாம். பேட்டரி செத்து நடுவில் ஊமையாகும் பயம் இல்லை. ஆக்டிவ் கிட்டார்கள் பலவற்றில் பேட்டரி போனால் பாசிவுக்கு மாற்றும் சுவிட்ச் கூட இருக்காது. அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கையில் இருந்தது 1962-ம் வருட பாசிவ் பிரிசிஷன் பேஸ். கம்பியைக்கூட மாற்ற மாட்டார் என்று பேர் வாங்கியவர். அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரது கிட்டார் ஆம்ப் இல்லாமல், டி.ஐ. வழியாக நேராக மிக்ஸருக்குத்தான் போனது. எதில் செருகுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஏற்கெனவே ஆக்டிவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களில் தனி ஆன்/ஆஃப் சுவிட்ச் கிடையாது. கேபிள் ஜாக்கே சுவிட்ச். கேபிளைச் செருகியபடியே சுவரில் சாய்த்துவிட்டுப் போனால் இரவு முழுக்க பேட்டரி கரையும். சத்தம் திடீரென்று கரகரத்து உடைந்தால் பிக்கப்பைத் திட்டாமல் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பல மாதம் வாசிக்காமல் வைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். டி.வி. ரிமோட்டில் கசிந்து பச்சை பூத்ததைப் பார்த்திருப்பீர்களே, அதே கதி கிட்டாருக்குள்ளும் நேரும்.

சேலையூர் அம்மாவுக்கு நான் சொல்லும் வரிசை இது. இந்த வாரம் பிக்கப் உயரம், கம்பி, கேபிள் மூன்றையும் பாருங்கள். அடுத்த வாரம் ஒரு டி.ஐ. பாக்ஸை மைக் செட்காரரிடம் இரவல் கேட்டுப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் போதாது என்றால் புதிய கிட்டாரைப் பற்றிப் பேசலாம். அப்போதும் மாமாவின் கிட்டார் வீட்டிலேயே இருக்கட்டும்.

தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை. உன் விரலில் பிறந்த சத்தத்தில் பாதி, தப்பான ஜாக்கில் போய் ஒளிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதை வைத்து உன் வாசிப்பை நீயே எடை போடாதே. பிராக்டீஸுக்குப் போ. போகும்போது கையில் ஒரு ஸ்கேலும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொள்.

அடுத்த வாரம்: மிக்ஸி ஓடினால் டி.வி.யில் கோடு விழுவது ஏன்?